படப்பை வழியில் ஒரு சித்திரம்

பாரிஸ் மாநகரத்து ஆர்ஸே மியூஸியத்தைச் சேர்ந்த படம் ஒன்று உண்டு. ழான் பால் லோரான்ஸ் என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர் 1875-ம் வருஷம் எழுதியது. முன்பின் கதை தெரியாதவர்களைக்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிடும் படம்.

விசாலமான அரண்மனைக் கூடம். சிம்மாசனத்தில் ஒரு ராஜா பிரமை பிடித்தவர்போல் உட்கார்ந்திருக்கிறார். ராணி அவரைப் பற்றிக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். ராஜாவின் கையில் இருக்க வேண்டிய செங்கோல் தரையில் கிடக்கிறது. பக்கத்தில் பெரிய மெழுகுவத்தி ஒன்று, அப்போதுதான் அணைந்து, புகைந்துகொண்டிருக்கிறது. குருமார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். வேலைக்காரன் ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை.

அந்த ராஜா, பிரான்ஸ் தேசத்தை 996 முதல் 1031 வரையில் ஆண்ட இரண்டாம் ராபர்ட். செய்த குற்றம் என்ன தெரியுமா? உறவுக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதுதான்! ராணி பெர்த்தா அவருக்கு இரண்டுவிட்ட உறவு. நம் வீடுகளில் அத்தை மகன், மாமன் மகள் என்றால் "முறை இருக்கிறது, பேசி முடித்துவிடலாம்" என்போம். அங்கே திருச்சபை, "முறையே கிடையாது, பிரிந்து போங்கள்" என்றது. போப்பாண்டவர் ஐந்தாம் கிரிகோரி காலத்தில், 998-ல், ரோமாபுரியில் கூடிய சபை, இருவரும் பிரிய வேண்டும், ஏழு வருஷம் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்று விதித்தது. ராஜாவைச் சபையை விட்டே தள்ளி வைத்த காட்சியைத்தான் லோரான்ஸ் எழுதியிருக்கிறார். மெழுகுவத்தியைத் தரையில் எறிந்து அணைப்பது அந்தச் சடங்கின் அங்கம்.

தஞ்சாவூரில் நம் ராஜராஜ சோழன் ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில் நடந்த கதை இது. அரசனுக்கும் சமயத்துக்கும் சண்டை வந்தால் யார் ஜயிப்பது, யார் தோற்பது என்ற கேள்வி பிரான்ஸுக்கு மட்டும் சொந்தமல்ல. நம் தேசத்திலும் அப்படி ஒரு சித்திரம் உண்டு. அதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டாம். ஆகாய விமானம் ஏற வேண்டாம். தாம்பரத்தில் படப்பை பஸ் ஏறினால் போதும்.

தோட்டம் என்று ஒரு ஊர்

"படப்பையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கக்கூடும். கேட்கட்டும். பழந்தமிழில் 'படப்பை' என்றால் தோட்டம், கொல்லை, ஊரைச் சுற்றிய விளைநிலம் என்றெல்லாம் பொருள் என்று சொல்லி அவரை ஒரு கணம் வாயடைக்கச் செய்யலாம்.

பெயருக்கு ஏற்றாற்போல் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த பூமிதான் இது. சென்னையைக் கடந்து கடலில் கலக்கிற அடையாறு, இங்கே பக்கத்தில் மணிமங்கலத்துப் பகுதி ஏரிகளில்தான் பிறக்கிறது. ஆனால் 1990-களின் கடைசியிலிருந்து இந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. படப்பையைத் தாண்டி மேற்கே போனால் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்கிற தொழிற்சாலைகள். ஷிப்டு மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஜன்னலோரத்தில் சீருடை அணிந்த பெண்கள் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். எந்த ஊர்ப் பெண்ணோ, யாருடைய தங்கைக்குப் படிப்புச் செலவுக்கு உழைக்கிறாளோ!

அவர்கள் போகிற சாலையைச் சுற்றித்தான் நம் சித்திரத்தின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரகடம் சந்திப்பில் வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்பூதூர். படப்பைக்கு வடக்கே மணிமங்கலம். இன்னும் வடக்கே போனால் குன்றத்தூர். மேற்கே நேராகப் போனால் வாலாஜாபாத், அதற்கப்பால் காஞ்சீபுரம். காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் கூரம். படப்பையை நடுவில் வைத்துக்கொண்டு இந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் படம் முழுசாகிவிடும்.

காவியும் வெள்ளையும்

முதலில் ஸ்ரீபெரும்பூதூர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் பெருமாளைவிட ராமாநுஜரைச் சேவிக்க வருகிறவர்களே அதிகம் என்று சொன்னால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். ராமாநுஜர் 1017-ல் பிறந்த ஊர் இது. இங்கே இருக்கிற அவருடைய திருவுருவத்துக்குத் 'தான் உகந்த திருமேனி' என்று பெயர். அவர் உயிரோடு இருந்தபோதே செய்து, அவரே தழுவிக் கொடுத்தது என்று மரபு.

துறவிக்கு உரிய உடை காவி. ஆனால் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடக்கும் உற்சவத்தில் ஒரு நாள் 'வெள்ளை சாத்துப்படி' என்று நடக்கிறது. அன்றைக்கு ராமாநுஜருக்கு வெள்ளை வஸ்திரம் சாத்தி எழுந்தருளப் பண்ணுவார்கள். துறவிக்கு வெள்ளை எதற்கு? அதுதான் கதை. லோரான்ஸ் வர்ணத்தைக் குழைத்துச் சொன்ன விஷயத்தை, இந்த ஊர்க்காரர்கள் ஒரு வெள்ளைத் துணியால் வருஷந்தோறும் சொல்கிறார்கள்.

வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்கிறபடி கதை இது: சோழ அரசன் ஒருவன் அதி தீவிரச் சைவன். நாட்டில் உள்ள வித்வான்கள் எல்லாரும் 'சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை' என்று ஓலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆக்ஞை பிறப்பித்தான். அவன் சபையில் நாலூரான் என்று ஒருவன். "இத்தனை பேர் கையெழுத்து எதற்கு? ஸ்ரீரங்கத்திலிருக்கும் ராமாநுஜர் ஒருவர் போட்டால் போதுமே!" என்று யோசனை சொன்னான். இந்த நாலூரான், ராமாநுஜருடைய சீடரான கூரத்தாழ்வானிடமே பாடம் கேட்டவன்! பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவான்.

கூரத்தாழ்வான், காஞ்சீபுரத்துக்குப் பக்கத்துக் கூரத்தில் பெரும் செல்வராக இருந்தவர். அத்தனையையும் துறந்து ஸ்ரீரங்கத்துக்குக் கால்நடையாகப் புறப்பட்டவர். வழியில் இருட்டு, காடு. கூட வந்த மனைவி ஆண்டாள், "இங்கே பயம் ஏதும் இல்லையே?" என்று கேட்டாளாம். "மடியில் கனம் இருந்தால் அல்லவா வழியில் பயம்! என்ன வைத்திருக்கிறாய்?" என்றார் அவர். கணவர் தினம் அமுது செய்கிற பொன் வட்டில் ஒன்றை மட்டும் அந்த அம்மாள் எடுத்து வந்திருந்தாள். அதையும் வாங்கிக் காட்டில் வீசிவிட்டு நடந்தாராம். அந்த வட்டிலைத் தனக்காக எடுத்து வரவில்லை பாருங்கள், அவருக்கு என்றுதான் எடுத்து வந்தாள். ஊரெல்லாம் கணவரின் வைராக்கியத்தைப் புகழ்கிறது. எனக்கோ அந்த அம்மாளின் மனசுதான் கண்ணில் நிற்கிறது.

சோழனின் ஆட்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது ராமாநுஜர் நீராடப் போயிருந்தார். கூரத்தாழ்வான் குருவின் காவியை உடுத்து, அவருடைய திரிதண்டத்தைக் கையில் ஏந்தி, "நான்தான் ராமாநுஜன்" என்று புறப்பட்டுவிட்டார். ராமாநுஜரின் குருவான பெரிய நம்பி, தள்ளாத வயசில், தாமும் கூடப் போனார். பெரிய நம்பியின் மகள் அத்துழாயும் தகப்பனாருக்குத் துணையாகப் போனாள். இங்கே ராமாநுஜர், சீடனின் வெள்ளை வேஷ்டியை உடுத்து மேற்கே கிளம்பினார்.

சோழன் சபையில் ஓலையை நீட்டினார்கள். கூரத்தாழ்வான் அதிலும் ஒரு வேடிக்கை செய்தார். 'சிவம்' என்ற சொல்லுக்குக் குறுணி என்றும் ஒரு பொருள் உண்டு. 'துரோணம்' என்றால் பதக்கு. "குறுணிக்கு மேல் பதக்கு இருக்கிறதே!" என்று பொருள்படக் கையெழுத்தோடு எழுதிவிட்டார். நெல் அளந்து பழகிய நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். அரசனுக்கும் புரிந்தது. "கண்ணைப் பிடுங்குங்கள்" என்றான். "உன்னைக் கண்ட கண் எனக்கு வேண்டாம்" என்று கூரத்தாழ்வான் தாமே கண்களைப் பறித்துக்கொண்டார் என்கிறது கதை. பெரிய நம்பியின் கண்களை அரசனின் ஆட்கள் பறித்தார்கள். திரும்பும் வழியில் கூரத்தாழ்வானின் மடியில் தலையும் மகள் அத்துழாயின் மடியில் காலுமாகக் கிழவர் உயிர் நீத்தார். கண்ணிழந்த ஒருவரையும், உயிர் போய்க்கொண்டிருக்கும் தகப்பனாரையும் வைத்துக்கொண்டு நடுவழியில் நின்ற அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள்! லோரான்ஸ் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் அரண்மனைக் கூடத்தை விட்டுவிட்டு அத்துழாயைத்தான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராமாநுஜரும் கூட வந்தவர்களும் காடு மலை கடந்து, பசியும் மழையுமாகக் கொங்கு நாட்டு வீடு ஒன்றின் வாசலில் வந்து நின்றார்கள். அந்த வீட்டு அம்மாளைக் கொங்குப் பிராட்டி என்பார்கள். முன்பு ஸ்ரீரங்கத்தில் ராமாநுஜரிடமே உபதேசம் பெற்றவள். "என் ஆசாரியர் உங்களில் இருக்கிறாரா?" என்று கேட்டாள். "நீயே பார்த்துச் சொல்" என்றார்கள். எல்லாரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, உடையைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்துக்கொண்டே வந்து, "இந்தப் பாதம் அவருடையது. ஆனால் காவியைக் காணோமே!" என்றாள். சோழனின் ஆட்கள் காவியைப் பார்த்து ஏமாந்தார்கள். அடுப்படியிலிருந்து எழுந்து வந்த ஒரு பெண் ஏமாறவில்லை!

பிறகு ராமாநுஜர் ஹொய்சள நாட்டுக்குப் போனதும், பிட்டிதேவன் என்ற அரசன் அவரை ஆதரித்து விஷ்ணுவர்த்தனன் ஆனதும், மேலக்கோட்டைத் திருப்பணியும் தனிக் கதைகள். சோழன் கழுத்தில் புண் கண்டு, புழு வைத்து மாண்டான் என்றும், அதன் பிறகே ராமாநுஜர் ஸ்ரீரங்கம் திரும்பினார் என்றும் நூல்கள் முடிக்கின்றன. அதனால் அவனுக்குக் 'கிருமி கண்ட சோழன்' என்று பெயர்.

எந்தச் சோழன்?

இனிமேல்தான் சிக்கல். கிருமி கண்டன் என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். எந்த அரசனாவது தன் கல்வெட்டில் அப்படிப் பொறித்துக்கொள்வானா? ஆகவே அவன் யார் என்று சரித்திர ஆசிரியர்கள் வெகு காலமாகத் தேடுகிறார்கள். சிலர் அதிராஜேந்திரன் என்றார்கள்; சிலர் 1070-ல் பட்டத்துக்கு வந்த முதற் குலோத்துங்கன் என்றார்கள்; சிலர் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்றார்கள்.

முதற் குலோத்துங்கன்தானோ என்று சந்தேகப்படுகிறவர்கள் படப்பைக்குப் பக்கத்து மணிமங்கலத்துக்குப் போக வேண்டும். பல்லவ நரசிம்மவர்மன், சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்று இந்த மணிமங்கலம். அந்தச் செய்தியைச் சொல்லும் செப்பேடு, கூரத்தாழ்வானின் ஊரான அதே கூரத்தில் கிடைத்ததாக்கும்! மணிமங்கலத்து ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் ராஜாதிராஜன், வீரராஜேந்திரன் முதலிய சோழர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் முதற் குலோத்துங்கனின் கல்வெட்டும் உண்டு. ஸ்ரீரங்கத்திலும் அவன் காலத்துக் கல்வெட்டுகள் ஏராளம். பெருமாள் கோயில்களில் பெயர் நிலைத்திருக்கிற ஒரு அரசனா ராமாநுஜரை விரட்டினான் என்று யோசிக்கத்தான் தோன்றுகிறது.

இரண்டாம் குலோத்துங்கன் விஷயம் வேறு. சிதம்பரத்தில் நடராஜர் சந்நிதிக்கு எதிரே இருந்த கோவிந்தராஜப் பெருமாளை அவன் பெயர்த்துக் கடலில் இட்டதை, அவனுடைய அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையாகப் பாடியிருக்கிறார். 2008-ல் வந்த 'தசாவதாரம்' படத்தின் ஆரம்பக் காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு வித்து இதுதான். அந்தப் பெருமாளை விஜயநகர அரசர் அச்சுததேவராயர் 1539-ல் மறுபடி பிரதிஷ்டை செய்தார்.

சரி, அப்படியானால் இரண்டாம் குலோத்துங்கன் பொல்லாத அரசன் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். குன்றத்தூருக்குப் போய் வாருங்கள்.

குன்றத்தூர், சேக்கிழார் பெருமானின் ஊர். அநபாய சோழனின் மந்திரியாக இருந்து பெரிய புராணம் பாடியவர் அவர். அந்த அநபாயன் வேறு யாருமில்லை, இதே இரண்டாம் குலோத்துங்கன் என்பதே பெரும்பாலோர் முடிவு. சிதம்பரத்து ஆயிரக்கால் மண்டபத்தில் புராணம் அரங்கேறியதும், அரசன் சேக்கிழாரை யானைமேல் ஏற்றி, தானும் பின்னால் ஏறி, தன் கையாலேயே சாமரம் வீசி வலம் வந்தான் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. தன்னிடம் சம்பளம் வாங்குகிற மந்திரிக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறுகிற ராஜா! உலகத்தில் எத்தனை தேசத்தில் இப்படி ஒரு சித்திரம் கிடைக்கும்?

ஒரே அரசன், ஒரே சிதம்பரம். குன்றத்தூர்க்காரர்கள் கண்ணுக்கு அவன் கையில் சாமரம் தெரிகிறது. பெருமாளைப் பறிகொடுத்தவர்கள் கண்ணுக்கு அலைகடல் தெரிகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள வட்டாரத்தில்தான் படப்பை இருக்கிறது.

தூரிகை யார் கையில்?

குன்றத்தூரில் நிற்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வரும். அப்பர் சுவாமிகள் பட்ட பாட்டை நமக்கு உருக்கமாகச் சொன்னவர் சேக்கிழார். சமணர் பேச்சைக் கேட்டு ஒரு பல்லவ அரசன் அவரை நீற்றறையில் இட்டான், நஞ்சு ஊட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். அந்தப் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பார்கள். ஆக, அரசனிடம் துன்பப்பட்ட அடியார் கதை சைவத்திலும் உண்டு, வைணவத்திலும் உண்டு. அப்பர் கதையின் முடிவில் அரசன் மனம் மாறிச் சைவனாகி, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்தான் என்றும் அதே புராணம் சொல்கிறது. அந்தப் பள்ளியில் இருந்த சமணத் துறவிகள் எழுதி வைத்திருந்தால் இன்னொரு சித்திரம் நமக்குக் கிடைத்திருக்கும்.

பாரிஸ் படத்துக்கும் இதே நியாயம்தான். ராபர்ட் ராஜாவை உண்மையில் சபையிலிருந்து தள்ளி வைத்தார்களா என்பதிலேயே சரித்திர ஆசிரியர்கள் பலருக்குச் சந்தேகம். படத்தைப் பார்க்கிறவர்களுக்கோ சந்தேகமே வராது. புகைகிற மெழுகுவத்தி சாட்சி சொல்லிவிடுகிறது! லோரான்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். குருமார்களின் அதிகாரம் அவருக்குப் பிடிக்காது. அவர் படம் எழுதிய சமயம் பிரான்ஸில் குடியரசுக்காரர்களுக்கும் திருச்சபைக்கும் பெரிய வழக்கு. அதனால் அவர் சித்திரத்தில் ராஜா பாவம், குருமார்கள் கல்நெஞ்சர்கள். நம் கதைகளை அடியார்களின் பக்கத்திலிருந்து எழுதினார்கள். அதனால் இங்கே குரு பாவம், ராஜா கல்நெஞ்சன்.

அப்படியானால் எல்லாம் பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. ஒவ்வொரு கூட்டமும் தான் பட்ட அடியை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. தான் கொடுத்த அடியைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறது, அல்லது சொல்லாமலே விட்டிருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு வீடு திரும்புவதற்குமுன் பக்கத்து ஊர்ப் படத்தையும் பார்த்துவிட வேண்டும். படப்பைப் பக்கம் போகிறவர்களுக்கு அது சுலபம். ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

காஞ்சியில் ஒரு வரம்

காலையில் கிளம்பினால் மணிமங்கலம், ஸ்ரீபெரும்பூதூர் இரண்டையும் பார்த்துவிட்டுக் கோயில் நடை சாத்துவதற்குள் வந்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கையோடு கொண்டு போவது நல்லது. சாயங்காலம் குன்றத்தூரில் சேக்கிழாரைச் சேவித்துத் திரும்பலாம். இன்னும் ஒரு நாள் கைவசம் இருந்தால் காஞ்சீபுரம் போங்கள். நம் கதையின் கடைசிக் காட்சி அங்கேதான் நடந்தது.

ராமாநுஜர் திரும்பி வந்தபின், கண்ணிழந்த கூரத்தாழ்வானைப் பார்த்து உருகிப் போனார். "வரதராஜப் பெருமாள் கேட்டதெல்லாம் கொடுப்பவர். அவரைப் பாடி, கண்ணைக் கேள்" என்று சொன்னார். சீடர் காஞ்சிக்குப் போய் வரதனைப் பாடினார். பெருமாள் மகிழ்ந்து, "என்ன வேண்டும்?" என்றார்.

கூரத்தாழ்வான் கண்ணைக் கேட்கவில்லை. "நான் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும்" என்றார்.

காட்டிக் கொடுத்தானே, அதே நாலூரானுக்காகத்தான்! தம்மிடம் பாடம் கேட்ட பிள்ளை அல்லவா? ராமாநுஜருக்கே இது சற்று மனக்குறையாக இருந்ததாம். பெருமாளையும் ஆசாரியரையும் காண்பதற்கு மட்டும் பிறகு கண் கிடைத்தது என்று கதை முடிகிறது.

பாரிஸ் படத்தில் மெழுகுவத்தி அணைந்ததோடு காட்சி முடிந்துவிடுகிறது. நம் படத்தில் கண் இரண்டும் போன மனிதர் பெருமாள் முன்னால் நின்று, தம் கண்ணைப் போக்கியவனுக்காக வாதாடுகிறார். அரசன் பெயரைப் பற்றிப் பண்டிதர்கள் இன்னும் நூறு வருஷம் சண்டை போடட்டும். சித்திரைத் திருவாதிரைச் சமயத்தில் குழந்தைகளை ஸ்ரீபெரும்பூதூருக்கு அழைத்துப் போய், வெள்ளை சாத்திய ராமாநுஜரைக் காட்டிக் கதை சொல்லுங்கள். அந்தச் சோழன் பெயரைச் சொல்லாமல் விட்டாலும் பாதகமில்லை. நாலூரான் பெயரை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.